சாவு வீட்டுப் பாண்

மஸ்கெலியா
20.03.2022

அன்புள்ள தம்பி மதுவுக்கு,

அக்கா பரிமளம் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர நான் சுகம். நீயும் ஹம்சினியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னவனுக்கு இருமல் விட்டதா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் நான் வாயைத் திறந்தாலே உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தை நடுவில் வைக்க முடியாது, கடைசிவரை வாசித்துத்தான் ஆக வேண்டும்.

"பேக்கரியை மூடிட்டு எங்களோட வந்து இருங்கக்கா" என்று போன வாரம் லேசாகச் சொன்னாய். நீ சொல்லாவிட்டாலும் இங்கே மூடுவதற்கு ஆள் குறைவில்லை. கணேசமூர்த்தி அண்ணன் துணிக்கடையை மூடிவிட்டார். தீபாவளிக்குத் தோட்டமே கூடி நிற்கும் கடை அது. பாதி விலை என்று பலகை எழுதி வைத்தார், பலகையைப் படிக்கக்கூட ஆள் வரவில்லை. ஸ்டூடியோக்காரர் கல்யாணமே நடக்கவில்லை, யாரைப் படம் எடுப்பது என்று சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தேநீர்க்கடையில் காஸ் இல்லை. தேயிலை மலைக்கு நடுவில் இருந்துகொண்டு ஒரு வாய் தேநீர் வாங்கிக் குடிக்க முடியவில்லை, அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்வது?

டொலர் இல்லையாம். இந்த மலையில் பறித்துப் பறித்து மூட்டை மூட்டையாக அனுப்பியதற்கு வந்த டொலர் எங்கே போனது? கேட்டால் பதில் சொல்ல ஒருவனும் இல்லை. கொழுந்து எடுத்தவள் தின்னவில்லை, கடை வைத்தவன் தின்னவில்லை. யாரோ தின்றிருக்கிறார்கள் அல்லவா?

நமக்கும் காஸ் முடிந்துவிட்டது. நீ சொல்லித்தான் காஸ் அடுப்புக்கு மாறினோம். நல்லவேளை, பின்கட்டில் இருந்த அப்பா காலத்து விறகு அடுப்பை, அந்தப் போறணையை, நான் இடிக்கவிடவில்லை. அப்பா காலத்திலிருந்து நம்மிடம் மாப் பிசையும் கந்தப்பன் உள்ளே புகுந்து எலிக்கூட்டை எல்லாம் வாரிக் கொட்டிவிட்டு, "எரிஞ்சிரும்மா, பயப்படாதீங்க" என்றார். நாளைக்கு விறகில் பாண் சுடப் போகிறோம். அதனால் மூடும் பேச்சு வேண்டாம்.

பிள்ளைகளைப் பனியில் விடாதே.

உன் அக்கா,
பரிமளம்


வெள்ளவத்தை
11.04.2022

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தம்பி மதுசூதனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கு அனைவரும் நலம். தங்கள் முழங்கால் வலிக்கு ஹம்சினி ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். உங்களுக்கும் கந்தப்பனுக்கும் எங்கள் புத்தாண்டு வாழ்த்துகள்.

எனக்கு வேலை வழக்கம்போல் போகிறது.

அக்கா, நான் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். ஹட்டனில் ஒரு முதலாளி நம் கட்டடத்தை விசாரித்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே இருப்பதால் பெரிய ஸ்டோர் போடலாம் என்று நினைக்கிறார். நாலு பேருக்கு வேலை கிடைக்கும். இந்த விலை இனி வராது. இத்தனை வருடம் நீங்கள் அனலில் நின்றது போதும். யோசித்துச் சொல்லுங்கள். எந்த அவசரமும் இல்லை.

என்றும் உங்கள் அன்புத் தம்பி,
மதுசூதனன்


மஸ்கெலியா
02.05.2022

அன்புள்ள மதுவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், நீங்களும் நலமாக இருக்க வேண்டும். தைலத்துக்கு ஹம்சினியிடம் நன்றி சொல்.

யோசித்தேன். முடியாது. கட்டடத்தில் பாதி எனக்கு என்று அப்பா வாயாலேயே சொல்லியிருக்கிறார். என் பாதியை விற்கிற யோசனை எனக்கு இல்லை, உன் பாதியை மட்டும் சுவரோடு அறுத்து எடுத்துக்கொண்டு போகவும் முடியாது.

உன் ஹட்டன் முதலாளி ஸ்டோர் போட்டு யாருக்கு விற்கப் போகிறார்? வாங்க ஆள் இருந்தால் கணேசமூர்த்தி அண்ணன் ஏன் மூடுகிறார்? எனக்குப் புரியவில்லை, உனக்குப் புரிந்தால் எழுது.

விறகுப் போறணை நன்றாக எரிகிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மார்க்குச்சிகளைத் தோட்டத்துப் பெண்கள் சுமந்து வந்து போடுகிறார்கள், நான் பாண் கொடுக்கிறேன். காலையில் எட்டு மணிக்குள் தட்டு காலியாகிவிடுகிறது. கோதுமை மாதான் கிடைப்பதில்லை. ஒரு மூட்டைக்காக ஹட்டனில் விடியற்காலையிலேயே போய் நின்று, மாலையில் வெறுங்கையோடு வந்த நாளும் உண்டு.

போன வாரம் தோட்டத்துக் கீழ் டிவிஷனில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கேதம் சொல்ல வந்தார்கள். அப்பா காலத்து முறைதான், உனக்குத் தெரியாததா? சாவு வீட்டில் அடுப்பு எரியாது, ராத்திரி முழுக்க விழித்திருக்கும் ஜனத்துக்கு நம் பாண்தான் போகும். காசு என்று வாய் திறக்கக்கூடாது. யார், எப்படி, எப்போது என்று விசாரிக்கவும் கூடாது. துக்கத்தோடு வந்து நிற்பவனிடம் கேள்வி கேட்பவன் மனுசனா என்பார் அப்பா. இருந்த மாவில் சுட்டு அனுப்பினேன். அன்றைக்குக் கடையில் விற்க ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பசார் முழுக்கக் கரண்ட் இல்லாமல் இருட்டில் கிடக்கிறது. கீழ்த்தெருவில் இருக்கிற சாராயக்கடையில் மட்டும் ஜெனரேட்டர் ஓடுகிறது! பிள்ளைக்குப் பால்மா வாங்க மண்ணெண்ணெய் விளக்கில் வரிசை, சாராயத்துக்கு டியூப்லைட்டில் வரிசை. அதற்கு எங்கிருந்தோ டீசல் வந்துவிடுகிறது. இந்த ஊரில் சாகாத வியாபாரம் அது ஒன்றுதான்.

ஒரு கேள்வி. வெளிநாட்டுக் கார் நாட்டுக்குள் வருவதே இல்லை என்கிறார்களே, உங்கள் கம்பெனி இப்போது எதை இறக்கி எதை விற்கிறது?

அக்கா,
பரிமளம்


வெள்ளவத்தை
06.06.2022

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கொழும்பில் பெற்றோல் வரிசையில் நின்று நின்றே நாள் போகிறது. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ஹட்டன்காரர் மறுபடியும் கேட்டார். உங்கள் ஒப்புதல் இல்லாமல் நான் எதுவும் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் அதிக நாள் காத்திருக்க மாட்டார். இலவசப் பாண் கொடுத்துக்கொண்டு வியாபாரம் செய்ய இது காலம் இல்லை, அக்கா. கோபப்படாமல் யோசியுங்கள்.

ஹம்சினியும் பிள்ளைகளும் உங்களைக் கேட்டார்கள்.

அன்புத் தம்பி,
மதுசூதனன்


மஸ்கெலியா
26.06.2022

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்துக்கொண்டிருக்க மனம் இல்லை. எல்லோரும் நன்றாக இருங்கள். நான் கேட்ட கேள்வியை நீ தாண்டிப் போய்விட்டாய், அதையும் பார்த்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

வியாழக்கிழமை காலை மேல் டிவிஷனிலிருந்து இரண்டு பேர் வந்து கடை வாசலில் தலையைக் குனிந்து நின்றார்கள். "வீரம்மா தவறிட்டாங்கம்மா" என்றார்கள்.

வீரம்மா அக்காவை உனக்கு நினைவிருக்கும். கொழுந்துக் கூடையோடு வந்து நின்று, "எனக்கு ஒரு பணிஸ், என் கூடைக்கு ஒரு பணிஸ்" என்று கேட்பாரே, அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சனிக்கிழமை விற்பனைக்கு என்று வைத்திருந்த கடைசி மூட்டையைப் பிரிக்கச் சொன்னேன். கந்தப்பன் பிசைந்துகொண்டே, "சாவுக்குத் தப்படிக்கிற சத்தம் கேக்கலியேம்மா" என்றார். வாயை மூடு, சாவு வீட்டை விசாரிக்கக்கூடாது என்று அவரை அதட்டினேன். பாண் வெந்ததும் வந்தவர்கள் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்கள்.

எனக்கு மனம் ஆறவில்லை. பின்னேரம் கடையைக் கந்தப்பனிடம் விட்டுவிட்டு, கோயிலடியில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு நானும் மலை ஏறினேன். பஸ் ஏது? இந்த முழங்காலோடு குறுக்குப் பாதையில் நின்று நின்று ஏறினேன். லயத்து வீட்டு வரிசை தெரியும் இடத்துக்கு வந்தும் ஒரு வெள்ளைக்கொடியைக் காணோம். அழுகைச் சத்தமும் இல்லை. லயத்து வாசலில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து என் பாணை வெறும் தேநீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

கடைசி வீட்டு வாசற்படியில் வீரம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துண்டுப் பாண்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "என்னக்கா இது? நீங்க செத்துட்டீங்கன்னுல்ல சொன்னாங்க!" என்று கத்தினேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "ஆமாங்கம்மா, நான்தான் செத்தவ. உக்காருங்க" என்றார்.

"வெளையாடுறீங்களா?"

"வெளையாட்டு இல்லம்மா. நாலு நாளா லயத்துல மா இல்ல. ரொட்டி சுட வழி இல்ல. மரவள்ளிக் கெழங்கு இருந்துச்சு, அதுவும் முடிஞ்சுபோச்சு. எல்லாரும் உக்காந்து பேசுனோம், யார் செத்தா சரியா வரும்னு. சின்னப்புள்ளைக பேரச் சொன்னா பலிச்சிருமோன்னு பயம். வாலிபப் புள்ளைக பேரச் சொல்ல யாருக்கும் வாய் வரல. எனக்குத்தான் வயசாச்சே, என் பேரச் சொல்லுங்கடான்னு நான்தான் சொன்னேன்."

"கடைக்கு வந்து கேட்டிருக்கலாமேக்கா. நான் குடுக்க மாட்டேனா?"

"குடுப்பீங்கம்மா. சும்மா கேட்டா அது பிச்ச. சாவுக்குக் கேட்டா மொற. பிச்ச கேட்டு இந்த லயம் பழகல."

மது, நான் அந்தப் படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கையில் மாலை வேறு. வீரம்மா அக்காதான், "குடுங்க, மாரியம்மனுக்குப் போட்டுருவோம், வீணாகக் கூடாது" என்று வாங்கிக்கொண்டார்.

இறங்கி வரும்போதுதான் எனக்கு ஆத்திரம் திரும்பி வந்தது. அவர்கள்மேல் இல்லை. இந்த மலையில் ஒரு நாளும் கொழுந்து நின்றதில்லை. நாடு இருட்டில் கிடந்தபோதும் இவர்கள் காலையில் பெரட்டில் நின்று வேலைக்குப் பேர் கொடுத்தார்கள், கூடை நிறைந்தது, லொறி கீழே இறங்கியது. அந்தத் தேயிலையை விற்றுத்தான் எண்ணெய்க் கப்பலுக்குக் காசு கட்டினார்கள். அதைப் பறித்த கிழவி ஒரு துண்டுப் பாணுக்காகத் தன்னைச் செத்தவள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் செய்தவர்களில் ஒருவனுக்காவது வெட்கம் இருக்கிறதா? அவர்கள் வீட்டில் யாராவது ஒரு வேளை பட்டினி கிடந்திருப்பார்களா?

இந்தப் போறணையை நான் அணைத்தால் அடுத்த முறை அவர்கள் யார் பேரைச் சொல்லிக்கொண்டு எங்கே போவார்கள்? இதுதான் என் பதில். உன் ஹட்டன்காரரிடம் அப்படியே சொல்.

அக்கா,
பரிமளம்


வெள்ளவத்தை
02.07.2022

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது, உடனே எழுதுகிறேன். நலம்தானே?

படித்ததும் கவலையாகிவிட்டது. அக்கா, அவர்கள் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நீங்கள் நல்லவர் என்பதால் அது உங்களுக்குத் தெரியவில்லை. இன்று ஒரு பொய்ச் சாவு, நாளை பத்து. அதற்கெல்லாம் பாண் சுட்டால் கடை தானாகவே மூடிப் போகும், அப்போது கட்டடத்துக்கு விலையும் இருக்காது.

அடுத்த வாரம் ஹட்டன்காரரின் ஆட்கள் சும்மா இடத்தைப் பார்க்க வருவார்கள். தயவுசெய்து தேநீர் கொடுத்து அனுப்புங்கள். பார்ப்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

அன்புத் தம்பி,
மதுசூதனன்


மஸ்கெலியா
25.07.2022

மதுவுக்கு,

நான் நலம். வீடும் பிள்ளைகளும் நலமா? கொழும்பில் ஜனங்கள் மாளிகைக்குள் புகுந்து குளத்தில் நீந்தியதை டீவியில் பார்த்தோம். நம் கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மறுநாளும் மா வரவில்லை.

வாரக்கணக்கில் பதில் போடாதவன், வீரம்மா அக்காவின் கதைக்கு மறுநாளே பதில் போட்டாய். அவர் பசியைப் படித்ததும் உனக்குக் கட்டடத்தின் விலை நினைவுக்கு வந்திருக்கிறது.

உன் ஆட்கள் வந்தார்கள். தேநீர் கொடுத்தேன், சீனி இல்லாமல். உள்ளே அளந்தார்கள், வாசலை அளந்தார்கள். பிறகு டேப்பை இழுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி, நம் வாசற்படியிலிருந்து கோயில் வாசல்வரைக்கும் அளந்தார்கள். ஒருவன் பிடிக்க, ஒருவன் எழுதிக்கொண்டான். அங்கிருந்து பள்ளிக்கூட கேட் பக்கமும் போனார்கள்.

அரிசி பருப்பு விற்கிறவன் கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று ஏன் பார்க்க வேண்டும்? கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தால் அவனுக்கு வியாபாரம்தானே கூடும்? எனக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய் கணேசமூர்த்தி அண்ணனிடம் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன் தங்கச்சி. அந்தாளுக்கு ரெண்டு டவுன்ல சாராயக்கடை இருக்கு. கோயிலுக்கும் இஸ்கூலுக்கும் கிட்ட இருந்தா லைசன் குடுக்க மாட்டாங்க, அதான் அளக்குறானுங்க" என்றார்.

ஸ்டோர் என்றாய். நாலு பேருக்கு வேலை என்றாய்.

நான் நீட்டி முழக்கவில்லை. அந்த ஆள் சாராயக்கடை போடத்தான் கேட்கிறார் என்று உனக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? ஆம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. தெரியாது என்றால் உன்னை நம்புகிறேன்.

பரிமளம்


மஸ்கெலியா
04.09.2022

மதுவுக்கு,

சுகமா? இங்கே மழை விடவில்லை.

ஒரு வார்த்தைதான் கேட்டேன். அதை எழுத ஒரு தபால் அட்டை போதும். போன் எடுத்தால் ஹம்சினி, "குளிக்கிறாங்க அண்ணி" என்கிறாள். ஆகஸ்ட் மாதம் முழுக்கக் குளித்துக்கொண்டே இருக்கிறாய்.

அக்கா


வெள்ளவத்தை
09.10.2022

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தெரியும் அக்கா. முதலிலிருந்தே தெரியும்.

எங்கள் கம்பெனியை இந்த ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள். உங்களுக்கு எழுதிய எல்லாக் கடிதத்தையும் வேலை இல்லாமல் வீட்டில் இருந்துதான் எழுதினேன். காலையில் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போய்க் கடற்கரையில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகளுக்கே சில மாதம் தெரியாது. ஹம்சினியின் நகைகளை வைத்துச் சாப்பிடுகிறோம். அவளுடைய அண்ணன் கனடாவுக்குக் கூப்பிடுகிறார். காகிதங்கள் எல்லாம் சரியாகிவிட்டன, வருகிற ஜனவரியில் பயணம். போவதற்குப் பணம் வேண்டும். இந்த நேரத்தில் அந்த விலை கொடுக்க வேறு யாரும் இல்லை. வேறு வியாபாரம் செய்பவன் எவனிடம் பணம் இருக்கிறது? அதை நீங்களே எழுதினீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா வாயால் பாதி என்று சொன்னது உண்மை. ஆனால் கட்டடத்தின் உறுதிப் பத்திரம் என் ஒருவன் பெயரில்தான் இருக்கிறது. நீங்கள் கல்யாணம் கட்டிப் போய்விடுவீர்கள் என்று அப்போது அப்படி எழுதிவிட்டார். பிறகு மாற்றவில்லை. சட்டப்படி உங்கள் கையெழுத்து எனக்குத் தேவை இல்லை. இருந்தும் உங்கள் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அது ஏன் என்று உங்களுக்கு இனிமேல் புரியும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவருக்கு லைசன் கிடைத்ததும் உறுதி மாறும். கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் இல்லை. உங்கள் பாதியை ஒரு சதம் குறையாமல் தந்துவிடுவேன். எங்களோடு வருவதற்கும் முயற்சி செய்யலாம்.

என் பிள்ளைகளை நினைத்து மன்னியுங்கள்.

தம்பி,
மது


மஸ்கெலியா
28.11.2022

அன்புள்ள மதுவுக்கு,

அன்புள்ள என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடிக்கவும் மனம் வரவில்லை, இருக்கட்டும். நான் நலம். ஹம்சினிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் கும்பிடுகிறேன். அது பொய் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று மாலை போறணைக்கு முன்னால் உட்கார்ந்து அப்பாவைத் திட்டினேன். இறந்தவரைத் திட்டக்கூடாதுதான், ஆனாலும் திட்டினேன். இருபத்திரண்டு வருடம் இந்த அனலில் நின்றவளுக்கு ஒரு செங்கல் சொந்தமில்லை என்று தெரிந்தால் யாரைத்தான் திட்டுவது? பிறகு உன்னை நினைத்தேன். சட்டை போட்டுக்கொண்டு போய்க் கடற்கரையில் உட்கார்ந்திருந்தாயே, அதை நினைத்து அழுதேன். அடுத்த நிமிடம் உன்மேல் கோபம் வந்தது. நாங்கள் போக வேண்டும், கையில் ஒன்றும் இல்லை என்று நேராகக் கேட்டிருந்தால் இந்தப் போறணையைப் பிரித்து விற்றாவது கொடுத்திருப்பேன். என்னிடமே வேலை வழக்கம்போல் போகிறது என்று எழுதினாய். சொந்த அக்காவிடம் பசியை மறைத்தாய். அந்த லயத்து ஜனமாவது செத்துப்போனோம் என்று வந்து நின்றது.

இனி நடந்ததைக் கேள்.

இந்த மாதம் முதல் வாரம் பிரதேச செயலகத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். இந்த இடத்தில் சாராயக்கடை வருவதில் ஆட்சேபம் உள்ளவர்கள் விசாரணைக்கு வந்து சொல்லலாம் என்று. மேல் டிவிஷன் பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். வீரம்மா அக்கா கடைக்கு வந்தார்.

"நாங்க நூறு பேர் வர்றோம்மா. ஆனா அங்க போனா சிங்களம் பாதிதான் வாயில வரும். நீங்க பேசணும்" என்றார்.

"அது என் தம்பி கட்டடம்க்கா" என்றேன்.

"தெரியும்மா. ஊருக்கே தெரியும். அதனாலதான் ஒங்களக் கேக்குறோம். முடியாதுன்னா விட்டுருங்க, நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்."

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. லைசன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்று நீ எழுதியிருந்தாய். ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஜனவரி இல்லை. என் வாயால் உன் பயணம் நிற்கும் என்று தெரிந்துதான் ஒவ்வொரு நாளும் மாவைப் பிசைந்தேன். சின்னவன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கந்தப்பன் நான் உப்புப் போட மறந்ததை மட்டும் இரண்டு நாள் எடுத்துச் சொன்னார்.

வியாழக்கிழமை விசாரணை. போனேன்.

மண்டபம் நிறையப் பெண்கள், அன்றைய வேலைப்பேரையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள். ஹட்டன்காரர் சட்டத்தரணியோடு முன் வரிசையில் இருந்தார். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தூரம் சரியாக இருக்கிறது என்று காட்டினார்கள், டேப் பொய் சொல்லவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்த அதிகாரி ஒரு சிங்கள அம்மா, மரியாதையாகத்தான் கேட்டார். அந்தக் கட்டடம் யாருடையது என்றார்.

"மகே மல்லிகே" என்றேன். என் தம்பியுடையது.

ஹட்டன்காரர் திரும்பி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். தம்பி விற்கிறார், அக்காவுக்கு என்ன ஆட்சேபம் என்று அந்த அம்மா கேட்டார். காசுத் தகராறா என்றும் கேட்டார்.

இல்லை என்றேன். சம்பள நாளன்று நீங்கள் ஒரு தடவை வந்து பாருங்கள் என்றேன். பின்னேரம் மூன்று மணிக்கே பெண்கள் பிள்ளைகளோடு வந்து என் கடை வாசலில் நிற்பார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும் ஆண்கள் கீழ்த்தெருவுக்குத் திரும்புவதற்கு முன் அவர்களைப் பிடிக்க வேண்டும். பிள்ளை ஓடிப்போய் அப்பன் கையைப் பிடித்து, "பணிஸ் வாங்கித் தாங்க" என்று இழுத்துக்கொண்டு வரும். வந்தால் அந்த மாதம் வீட்டுக்கு மா போகும், வராவிட்டால் போகாது. இந்த ஊரில் அதற்கு இருக்கிற ஒரே வாசல் அதுதான். அந்த வாசலிலேயே சாராயத்தை வைத்தால் இந்தப் பெண்கள் எங்கே போய் நிற்பார்கள்? நடு ரோட்டிலா? கடைகள் எல்லாம் மூடிக்கொண்டு போகிற ஊரில் புதிதாகத் திறப்பதற்கு உங்களுக்கு இது ஒன்றுதான் கிடைத்ததா என்று கேட்டேன். கொஞ்சம் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். சிங்களத்தில் கத்தி எனக்குப் பழக்கம் இல்லை.

இன்று காலை முடிவு வந்துவிட்டது. அனுமதி இல்லை.

ஹட்டன்காரர் விசாரணை முடிந்த கையோடு வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் போயிருக்கிறாராம், நாளைதான் வருகிறார். வந்ததும் உன்னைக் கூப்பிட்டு ஒப்பந்தத்தை முறிப்பார். எப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஏதோ ஊர் ஜனம் தகராறு பண்ணியது என்பார், உன் அக்காவும் அதில் இருந்தாள் என்பார். அதற்கு முன் இது உன் கையில் இருக்க வேண்டும் என்று மத்தியானம் போகும் கொழும்பு பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இன்று ராத்திரியே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார், அவருக்குச் சாப்பாடு கொடு.

கட்டடம் உன்னுடையது. துணிக்கு விற்றாலும் மருந்துக்கு விற்றாலும் செருப்புக்கு விற்றாலும் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குவேன், பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். அப்படி வாங்க இப்போது ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஜனவரியில் நீங்கள் எப்படிப் போவீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் உன் பிள்ளைகள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வராது.

மது, உன் பயணத்தை நிறுத்தியவள் நான்தான். வேறு யாரும் இல்லை. எனக்குச் செய்ததை எனக்குச் சொல்ல உனக்கு ஏழு மாதம் பிடித்தது. உனக்குச் செய்ததை நான் இன்றைக்கே உனக்குச் சொல்லிவிட்டேன்.

உன் அக்கா,
பரிமளம்